அப்புறம் வா

பழைய மென்பொருள், புதிய மென்பொருள்.
எது வேகம் என்று எழுதிக் கொடு,
ஒரு பக்கத்துக்கு மேல் போகாதே
என்றார் சேஷகிரி.

கீழ்ப்பாக்கத்தில் டயர் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்கள்
முப்பத்தோராயிரம் பேர்
மேசைக்கு அடியில் இருக்கிறார்கள்,
மழைத்தண்ணீருக்குப் பயந்து
இரண்டு செங்கல் மேல் தூக்கிவைத்த சர்வரில்.

முதல் வாரம் பொய் ஆட்களை வைத்துச் சோதித்தேன்.
சோதனை 1, சோதனை 2,
சோதனை 31000.
தங்கமான ஜனங்கள்.
யாருக்கும் இன்பாக்ஸ் நிரம்பவில்லை,
யாரும் வேலை மாறவில்லை,
தன் பெயரிலேயே ஓர் எழுத்தைத்
தவறவிட்டவர் ஒருத்தரும் இல்லை.
புதியது நாலு நிமிடத்தில் எல்லோரையும் தொட்டது.
பழையதற்கு இருபத்தாறு.
அஸ்லம் பாஷா சமோசா வாங்கி வந்தான்.
எண்ணெய்க் கையோடு
வரைபடத்துக்கு வண்ணம் கொடுத்தோம்.

நவம்பரில் ஒரு செவ்வாய், இரவு இரண்டு மணி.
எழும்பூரிலிருந்து போன்.
பிரசவ வார்டு. ஓ நெகட்டிவ். நாலு யூனிட்.
எந்த வகை ரத்தமானாலும் எல்லோருக்கும் அனுப்பிவிடு,
யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும் என்றான் அஸ்லம்.
பட்டியலைச் சரிபாதியாய் வெட்டி
இதற்குப் பாதி, அதற்குப் பாதி கொடுத்தேன்.
அந்த நேரத்திலும்
அளந்துபார்க்க ஆசைப்பட்டது நான்தான்.
இதை அறிக்கையில் எழுதவில்லை.

புதியது பாய்ந்தது.
பெரிய மெயில் கம்பெனியின் வாசலில்
ஒரே மூச்சில் இரண்டாயிரம் தட்டல்.
யாரது இந்த நேரத்தில், என்றது வாசல்.
இப்போது முடியாது, அப்புறம் வா.
ஒரு நொடி கழித்து வந்தது.
அடுத்த நொடியும் வந்தது.
சாதிச் சான்றிதழுக்கோ பட்டாவுக்கோ
தாலுகா ஆபீசில் ஒருநாள்கூட நின்றிராத பிறவி.
ஏழாவது நிமிடம்
கதவைச் சாத்தித் தாழ்போட்டுவிட்டார்கள்.
திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

பழையது பத்துப் பத்துப் பேராய்ப் போனது.
அப்புறம் வா என்றதும்
சரிங்க என்று ஓரமாய் ஒதுங்கியது.
கால் மணி நேரம்.
திரும்பப் போய்
அதே வாக்கியத்தை அதே குரலில் சொன்னது.
உள்ளே விட்டார்கள்.

பெருங்குடியில் நைட் ஷிப்டில் இருந்த
எஸ்தர் யுவராணிக்கு 2.52க்கு மெயில் கிடைத்தது.
அவள் பி பாசிட்டிவ்.
படித்துவிட்டுச் சத்தமாய்க் கேட்டிருக்கிறாள்
மொத்தத் தளத்தையும்.
கண்ணாடிக் கதவருகே நின்ற காவலாளி
தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கியிருக்கிறார்.
மெயில் அவளுக்கு, ரத்தம் அவருடையது.
கம்பெனி வண்டியில் இருவரும் போய் இறங்கியபோது 3.40.
லாக்கில் அவர் இல்லை.
நாங்கள் வரைந்த எந்தக் கட்டத்திலும்
அவரை உட்கார வைக்க இடமில்லை.

மிச்ச யூனிட்டுகள் வேறு வழியில் கிடைத்தன என்றார்கள்.
அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று
காலையில் கேட்டேன்.
எடுத்தவர் அப்போதுதான் டியூட்டிக்கு வந்தவர்.
எந்தப் பெண், என்றார்.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்தவற்றை எண்ணினேன்.
விடுப்பில் இருக்கிறேன்: இருநூற்றுப் பன்னிரண்டு.
அப்படி ஒருவர் இங்கே இல்லை: ஆயிரத்து நாற்பது.
என் பெயரை எடுத்துவிடவும்: ஒன்பது.
அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது,
ஆனாலும் அனுப்புங்கள், நான் பார்க்கிறேன்: ஒன்று.

சேஷகிரி ஒரு பக்கத்தைப் படித்தார்.
மெதுவாகப் போவதையா வாங்கச் சொல்கிறாய்?
ஆமாம் சார்.
ஏன்?
நிற்கத் தெரிந்திருக்கிறது, என்றேன்.
அவருக்கு அது எண்ணாக வேண்டும்.

இன்னொன்றும் வந்திருந்தது, வியாசர்பாடியிலிருந்து.
வகைபிரிக்கத் தெரியாமல்
தற்காலிகத் தோல்வி என்று குறித்திருந்தது சர்வர்.
'போன மாசம்தான் மேடம் குடுத்தேன்.
மூணு மாசம் கழிச்சுக் கேளுங்க.
கண்டிப்பா வர்றேன்.'

காலண்டரைப் புரட்டி
பிப்ரவரியில் அவர் பெயரை எழுதினேன்,
பேனாவால்.